எலிகளுக்காக ஒரு கை மஞ்சள்

என் மனைவி தேவிஸ்ரீ இடைநிலைப்பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஆனால் இந்த ஒரு வருடமாக அவளுடைய வேலை எலிகளின் காலை வீங்க வைப்பது. சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தில் மாஸ்டர்ஸ் சேர்ந்திருக்கிறாள். முடக்கத்தான் கீரையில் இருக்கும் ஃபிளேவனாய்டுகள் வீக்கத்தைக் குறைக்குமா, குறைத்தால் எவ்வளவு குறைக்கும் என்பது அவளுடைய ஆராய்ச்சி.

ஃபிளேவனாய்டு என்றால் என்னவென்று தெரியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். எனக்கும் தெரியாமல்தான் இருந்தது, அவள் விட்டால்தானே. செடிகொடிகள் தங்களுக்காகச் செய்துகொள்ளும் ஒரு வகைப் பொருளாம். வெங்காயத் தோலில் இருக்கிறது, தேயிலையில் இருக்கிறது, கீரையில் இருக்கிறது. உடம்பில் ஓரிடம் வீங்கிச் சிவந்து வலிக்கும்போது, அந்த வீக்கத்தை மூட்டிவிடுகிற சமாச்சாரங்களை இது அடக்கி வைக்குமாம். நான் கோலாலம்பூருக்குத் தெற்கே தெங்கேராவில் ஏர்கோன், அதாவது ஏசி, பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன். பிடிக்காத வெங்காயத்தைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினால், "அத ஒதுக்காதீங்க, குவெர்செட்டின்னு ஒரு ஃபிளேவனாய்டு இருக்கு" என்கிற பெண்ணோடு குடும்பம் நடத்துகிறேன். என் பொறுமையின் அளவு தெரிந்தவர்கள் இதை ஒரு சாதனை என்றே சொல்வார்கள்.

முடக்கத்தானை அவளுக்குக் காட்டியது என் அம்மா விஜயராணி. அம்மா பக்கத்து ஊரான உம்பாயில் தனியாக இருக்கிறாள். வீட்டைச் சுற்றியுள்ள வேலிக் கம்பி முழுக்க அந்தக் கொடிதான். கல்யாணமான புதிதில் தேவி பரீட்சைத் தாள் திருத்தித் திருத்தி மணிக்கட்டு வலிக்கிறது என்று சொன்னாள். அம்மா முடக்கத்தானை அரைத்துத் தோசை சுட்டுப்போட்டாள். மணிக்கட்டு தோசையால் சரியானதா, பள்ளி விடுமுறை வந்ததால் சரியானதா என்று அப்போதே தேவிக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகம்தான் வளர்ந்து மாஸ்டர்ஸ் ஆனது.

மாமியாரும் மருமகளும் சண்டை போடுவார்கள், நடுவில் நான் மாட்டிக்கொண்டு முழிப்பேன் என்று கல்யாணத்துக்கு முன் என் நண்பர்கள் பயமுறுத்தியிருந்தார்கள். நடந்தது வேறு. இரண்டு பேரும் தினமும் ஃபோனில் பேசுவார்கள். அம்மா எனக்கு அழைத்தால், தேவி எடுக்கவில்லை என்று அர்த்தம். எடுத்தவுடன், "எங்கடா அவ?" என்பாள். எனக்குக் கோபம் வரும். உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருக்கும்.

எலி விஷயம் அம்மாவுக்குத் தெரியவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உம்பாய் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது.

"இந்த எலைய யாருக்கும்மா குடுத்துப் பாப்பீங்க? ஆஸ்பத்திரியில இருக்கிறவங்களுக்கா?" என்று கேட்டாள் அம்மா.

"இல்ல அத்தை, எலிக்கு" என்றாள் தேவி. பிறகு, வகுப்பில் பாடம் நடத்துவதுபோல ஆர்வமாக விளக்க ஆரம்பித்தாள். "மொதல்ல எலியோட பாதத்துல ஒரு ஊசி போடுவோம். கடல்பாசியிலேருந்து எடுத்த சாமான்தான். பாதம் வீங்கிரும். ஊசிக்கு முன்னாடியே ஒரு கூட்டத்துக்கு முடக்கத்தான் சாறு, இன்னொரு கூட்டத்துக்கு வீக்கத்துக்குக் குடுக்கிற மாத்திரை, இன்னொண்ணுக்கு வெறும் தண்ணி குடுத்திருப்போம். எதுல வீக்கம் கம்மியா இருக்குன்னு அளந்து பாப்போம்."

அம்மா சோற்றில் இருந்த கையை எடுக்காமல் அவளையே பார்த்தாள். "வாயில்லாத ஜீவன்மா. பிள்ளையாரு வாகனம்லா அது."

"அது மூஞ்சூறு, இது வெள்ளை எலி. பிள்ளையாருக்குத் தெரியாதா வித்தியாசம்?" என்று நான் சிரித்தேன். தேவியும் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை, வேறொன்றும் சொல்லவும் இல்லை. அம்மா பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டாள் என்று அர்த்தமில்லை, உள்ளே ஏதோ வேலை ஓடுகிறது என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா? அன்று மீன் சம்பல் ருசியாக இருந்ததால் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

இலையைப் பறித்துக் கழுவிக் காயவைக்கும் பொறுப்பை அம்மாவே கேட்டு வாங்கிக்கொண்டாள். எங்கள் ஃபிளாட்டில் நிழலில் உலர்த்த இடமில்லை. "குழாய்த் தண்ணியில கழுவுனா போதும் அத்தை. வெயில்ல போடாதீங்க, பின்னால ரூம்புல பேப்பர் விரிச்சுக் காயவைங்க" என்று தேவி சொல்லிக்கொடுத்தாள். அம்மா தலையாட்டினாள். காய்ந்த இலையை நான் பையில் கட்டிக் கொண்டுவந்து கொடுப்பேன். தேவி அதைத் தூளாக்கி, ஆல்கஹாலில் ஊறவைத்து, சாறு இறக்குவாள்.

சாறு நல்ல மஞ்சளாக வந்தது. ஃபிளேவனாய்டும் மஞ்சள் நிறம்தானாம். நிறத்தை வைத்து அளவு சொல்லும் மெஷினில் வைத்தபோது, மற்றவர்கள் எழுதிவைத்திருந்த அளவைவிடக் கூடுதலாகக் காட்டியது. உம்பாய் மண் விசேஷம் போல என்று பேராசிரியர் டாக்டர் ரொஹானா சொன்னாராம். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது இன்னும் ஆச்சரியம். கீரை குடித்த எலிகளின் வீக்கம், மாத்திரை தின்ற எலிகளின் வீக்கம் அளவுக்கே வடிந்திருந்தது.

அன்று சாயங்காலம் தேவி ஆய்வுக்கூட வாசனையோடு கடைக்கே வந்து, வாடிக்கையாளர் முன்னால் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கோலாலம்பூரில் நடக்கும் ஆராய்ச்சிக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச டாக்டர் ரொஹானா அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார். அது முடிந்தால் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிடலாம். விடுப்பு டிசம்பரோடு முடிகிறது, எல்லாம் கச்சிதமாகப் பொருந்தி வந்தது. அம்மா கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எங்க வேலியில படர்ந்த எலைதான், என் மருமவதான் கண்டுபுடிச்சா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

கூட்டத்துக்கு முந்திய வாரம், அம்மாவின் ஏர்கோனைக் கழுவிக் கொடுக்க உம்பாய்க்குப் போனேன். மேலதிகச் சோதனைக்காகத் தேவி கேட்டிருந்த இன்னொரு பை இலையையும் எடுத்து வரவேண்டும். முன் கதவு திறந்திருந்தது, ஆளைக் காணோம். பின்பக்கம் போனேன். அம்மா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே பெரிய பேசின் நிறைய மஞ்சள் தண்ணீர். அதில் முடக்கத்தான் இலைகள் ஊறிக்கொண்டிருந்தன. பக்கத்தில் அம்மி, அம்மியில் பாதி அரைபட்ட பச்சை மஞ்சள்.

"என்னம்மா இது?"

அம்மா பதறிப்போய் எழுந்தாள். பேசினை முந்தானையால் மூடக்கூடப் பார்த்தாள். "ஒண்ணுமில்லடா. எலைய அலசுறேன்."

"வெறும் தண்ணின்னு சொன்னாள்ல அவ?"

"வெறும் தண்ணியில எப்படிடா கொறையும்?" என்றாள் அம்மா. குரல் திடீரென்று கெட்டியாகிவிட்டது. "வீக்கம்னா என்னன்னு எனக்குத் தெரியும். இந்த முட்டி வீங்குனா ராத்திரி ஒரு பக்கமாத் திரும்பிப் படுக்க முடியல. நான் ஐயோ அம்மான்னாவது கத்துறேன். அதுங்க எங்க போய்க் கத்தும்? ஒரு கை மஞ்சளு சேத்தா சீக்கிரம் வடியும்லா. அந்தப் பாவமெல்லாம் நாளைக்கு அவ தலையில விழக்கூடாது. புள்ளகுட்டி பெத்து நல்லா இருக்கவேண்டிய பொண்ணு."

"மொதல்லேருந்தே இப்படியா செஞ்சீங்க?"

"எலின்னு சொன்ன நாள்லேருந்து."

ஆராய்ச்சியைப் பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் முடக்கத்தான் என்று எழுதிவிட்டு மஞ்சளைக் கொடுத்தால் அது என்ன கணக்கு என்பது ஏர்கோன்காரனுக்கும் புரியும். கத்திவிட்டேன். "அவளோட படிப்பையே கெடுத்துட்டீங்கம்மா!" என்று அக்கம்பக்கம் கேட்கிற மாதிரி கத்தினேன். அம்மா அந்த மஞ்சள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏர்கோனைத் தொடாமலே கிளம்பிவிட்டேன்.

காடியை ஓட்டிக்கொண்டு வரும்போதே கோபம் இறங்கிவிட்டது, யோசனை ஏறிவிட்டது. சொல்லாமல் இருந்தால் என்ன? யாருக்குத் தெரியப்போகிறது? கூட்டம் முடியட்டும், பட்டம் வரட்டும். அவள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பட்டும். என்றாவது வயதான காலத்தில் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொள்ளலாம். தீர்மானமாக முடிவெடுத்துத்தான் வீட்டுக்குள் நுழைந்தேன். தேவி மடிக்கணினி முன் உட்கார்ந்து, கோலாலம்பூரில் பேசப்போவதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எல எங்கங்க?" என்று கேட்டாள். ஒரே கேள்விதான். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் முதலில் சிரித்தாள். பிள்ளையார் வாகனத்துக்கு மஞ்சளா என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு திரையில் இருந்த படத்தைப் பார்த்தாள். மஞ்சள் சாறு நிறைந்த கண்ணாடிக் குப்பியின் படம். சிரிப்பு நின்றுவிட்டது.

"மஞ்சள்ல இருக்கிறது ஃபிளேவனாய்டே இல்லங்க. அது வேற சாமான். ஆனா அதுவும் மஞ்ச கலர்தான், அதுவும் வீக்கத்தக் கொறைக்கும். மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சிருக்கு." மடிக்கணினியை மூடிவிட்டு, "கலரப் பாத்து நானும் ஏமாந்துட்டேன்" என்றாள்.

"விடு. யாருக்குத் தெரியும்? இருக்கிறத அப்படியே எழுது. கூட்டத்துல இருக்கிறவங்க உன் எலைய என்ன நக்கியா பாக்கப் போறாங்க?"

"எங்கயாவது ஒருத்தவங்க இதப் படிச்சிட்டு, மாத்திரைக்குச் சமமா வேலை செய்யுதாம்னு மாத்திரைய நிறுத்திருவாங்க. வெறும் கீரைய அரைச்சுக் குடிச்சிட்டு, முட்டி வீங்கிப் போய் உக்காந்திருப்பாங்க. நம்ம அத்தை மாதிரி ஒருத்தவங்க."

ஆற்றாமை தாங்காமல், "எல்லாம் எங்க அம்மாவால" என்றேன்.

"அத்தைய ஒண்ணும் சொல்லாதீங்க. எனக்காகச் செஞ்சாங்க. கத்திட்டு வேற வந்திருக்கீங்க" என்று என்னைத்தான் திட்டினாள்.

திங்கட்கிழமை நானே அவளைப் பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய் விட்டேன். திரும்பி வந்து காடியில் ஏறும்போது அவளுடைய மூக்கு சிவந்திருந்தது. டாக்டர் ரொஹானா முதலில், "குஞ்ஞிட்?" என்று மட்டும் கேட்டாராம். மஞ்சளுக்கு மலாயில் அதுதான் பெயர். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டாராம். கோலாலம்பூர் போக முடியாது. விலங்குகளை வைத்துச் சோதிக்க அனுமதி கொடுக்கும் குழுவிடம் மறுபடியும் போய் நிற்கவேண்டும். புது இலை, புது எலிகள், எல்லாம் ஆரம்பத்திலிருந்து. அதற்குள் விடுப்பு முடிந்துவிடும். இனிப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டே சனி ஞாயிறுகளில்தான் ஆய்வுக்கூடம். பட்டம் இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போனது.

"வெறும் எலையில ஒண்ணுமே இல்லன்னு வந்தா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லாம போகாது, ஏதாவது இருக்கும். கொஞ்சமாத்தான் இருக்கும். அந்தக் கொஞ்சத்த எழுதுவேன்" என்றாள். பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். நான் காடியைக் கிளப்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். வழக்கமாக இறங்கிச் சண்டைக்குப் போயிருப்பேன், அன்று கையை மட்டும் காட்டினேன்.

அந்த வாரமே உம்பாய் போனோம். நான் கத்திவிட்டு வந்த நாளிலிருந்து அம்மா தேவிக்கு ஃபோன் பண்ணவில்லை. தேவி அழைத்தபோதும் எடுக்கவில்லை. நாங்கள் உள்ளே போனதும், "வாங்க" என்று சொல்லிவிட்டு நேராகச் சமையலறைக்குள் போய்விட்டாள். தேவி பின்னாலேயே போய், தரையில் உட்கார்ந்து பாகற்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கதவோரம் நின்றேன்.

"நான் கெடுத்துட்டேனா தாயி?" அம்மா கத்தியை நிறுத்தாமல் கேட்டாள்.

"கெடுக்கல அத்தை. கொஞ்சம் லேட்டாகும், அவ்ளோதான். மஞ்சள் சேந்ததால எது எலையோட வேலை, எது மஞ்சளோட வேலைன்னு பிரிக்க முடியாம போச்சு. நான்தான் ஆரம்பத்துலயே வெவரமா சொல்லியிருக்கணும்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு பாகற்காயை முழுதாக நறுக்கி முடித்தாள். பிறகு தலை நிமிர்ந்து, "அப்ப… திரும்பவும் ஊசி போடணுமா? வேற எலிங்களுக்கு?" என்று கேட்டாள்.

எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. தேவியின் பட்டம், தேவியின் விடுப்பு, தேவியின் ஒரு வருடம் என்றே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எலிகள் கஷ்டப்படக் கூடாது என்று அம்மா செய்த காரியத்தால் இன்னொரு கூட்டம் எலிகளுக்குக் கால் வீங்கப் போகிறது. அம்மா கேட்டது அதைத்தான். அவளுடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"சேச்சே, எலியே வேணாம் அத்தை" என்றாள் தேவி. குரலில் ஒரு தடுமாற்றம்கூட இல்லை. "இப்பல்லாம் கம்ப்யூட்டர்லயே பாத்துருவாங்க. பழைய கணக்கெல்லாம் அதுக்குள்ள போட்டா அதுவே சொல்லிரும், வெறும் எல குடுத்திருந்தா எவ்ளோ கொறைஞ்சிருக்கும்னு. ஊசியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது."

நான் அவளையே பார்த்தேன். திங்கட்கிழமை ஒரே ஒரு பொய்யைச் சொல்லாமல் இருந்ததற்காக ஒரு வருடத்தைத் தூக்கிக் கொடுத்தவள் இவள். இப்போது என் அம்மாவின் முகத்துக்கு நேராக, கண்ணைக்கூடச் சிமிட்டாமல், இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்கிறாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள்மேல் எனக்கு அவ்வளவு ஆசை வந்ததில்லை.

"அப்படியா?" என்றாள் அம்மா. முகம் தெளிந்தது. "நல்லதாப் போச்சு. அந்தக் கம்ப்யூட்டரு செஞ்சவன் நல்லா இருக்கணும்." உடனே எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். கறி ஆக்கினாள், பாகற்காய் பொரித்தாள், தேவியின் தட்டில் நான் பார்த்திராத அளவுக்கு அள்ளிப் போட்டாள். அந்த வீட்டில் பழைய பேச்சுச் சத்தம் திரும்பியது. எனக்கும் நெஞ்சு லேசானது.

சாப்பிட்டு முடிந்ததும் தேவி தயங்கித் தயங்கி, "அத்தை, இன்னொரு பை எல வேணும். வெறும் தண்ணி மட்டும்" என்றாள்.

"ஆகட்டும்மா. நீ போய்க் கொஞ்சம் படு, மூஞ்சியெல்லாம் வாடிக் கெடக்கு" என்றாள் அம்மா.

தேவி முன்னறையில் படுத்தவுடனே தூங்கிவிட்டாள். அம்மா என்னை வேலிப்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். நான் கொடியை இழுத்துப் பிடித்தேன், அவள் இலைகளைக் கிள்ளிக் கிள்ளிப் பேசினில் போட்டாள். பேசின் நிறைந்தது. குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தேன். அம்மா ஒரு தடவை அலசித் தண்ணீரைக் கொட்டினாள், மறுபடியும் பிடித்தாள், மறுபடியும் அலசினாள். வெறும் தண்ணீர்தான்.

"ஏண்டா" என்றாள் இலைகளைப் பார்த்துக்கொண்டே. "கம்ப்யூட்டருக்கு எதுக்குடா இவ்ளோ எல?"

நான் குனிந்து, கீழே சிதறியிருந்த இலைகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"நீ ஒண்ணும் சொல்லவேணாம். நான் நம்பிட்டேன்னு அவ நெனச்சிக்கிட்டு இருக்கட்டும். பாவம், எனக்காகச் சொன்னா." அம்மா குழாயை மூடினாள். கை நிறைய இலையை அள்ளிப் பிழியாமல், மெதுவாக நீரை வடியவிட்டாள். "ஊசி போடும்போது மட்டும் கொஞ்சம் மெல்லமாப் போடச் சொல்லு" என்றாள். உடனே, "இல்ல, வேணாம், சொல்லாத. சொன்னா எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சிரும்" என்றாள்.